காப்பாத்த வந்தவங்களை யார் கேள்வி கேட்கிறது?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சுமொழியைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் வழக்கமான இடத்துல இல்லை. திருவண்ணாமலையில, செங்கம் ரோட்டுல, ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மொட்டைமாடியில உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். நடுவுல மயில் சத்தமும் பஸ் ஹாரனும் கேட்டா பொறுத்துக்கோங்க.

ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். "ஒரு நாட்டுல அரசாங்கமே தன் மக்களைக் கொன்னுட்டிருக்கு. வெளியில இருக்கிறவங்க படையை அனுப்பித் தடுக்கலாமா, கூடாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க." சுத்தி வளைக்காம சொல்லணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா இந்த ஊருக்கு வந்து உட்கார்ந்ததும் நூறு வருஷம் முன்னாடி இங்கேயே நடந்த ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

1924, ஜூன் 26, ராத்திரி

ரமணரோட அம்மா 1922-ல காலமானாங்க. அவங்க சமாதியைச் சுத்தி வந்த சில கூரைக் கொட்டகைகள்தான் அன்னைக்கு ஆசிரமம். 1924 ஜூன் 26 ராத்திரி பதினொன்றரை மணி வாக்குல திருடர்கள் வந்தாங்க. பெரிய பணம் இருக்கும்னு நினைச்சிருக்காங்க. ஜன்னலை உடைச்சாங்க, கொளுத்திடுவோம்னு மிரட்டினாங்க. ரமணர், "நாங்க வெளியே போயிடறோம், நீங்க வேணுங்கிறதை எடுத்துக்கோங்க"ங்கிற மாதிரி சொல்லிட்டு வெளியே வந்தார். வந்தவரையும் விடலை. தொடையில அடி விழுந்துச்சு. இது போதலைன்னா இன்னொரு காலையும் அடிச்சுக்கோன்னு அவர் சொன்னதா வரலாற்றுல பதிவாகியிருக்கு.

கூட இருந்த பக்தர் ஒருத்தருக்குத் தாங்கலை. இரும்புக் கம்பியைக் கையில எடுத்துட்டார். ரமணர் தடுத்தார். நாம சாதுக்கள், நம்ம தர்மத்தை விடக்கூடாது. பல்லு நாக்கைக் கடிச்சிட்டா பல்லையா தட்டி எறியறோம்னு கேட்டார்.

இந்தக் கதையை அகிம்சைக்கு உதாரணமா நிறைய பேர் சொல்வாங்க. சரிதான். ஆனா இதுக்குள்ள ரெண்டு சின்ன விஷயம் இருக்கு. அதை யாரும் அவ்வளவா கவனிக்கிறதில்லை.

ஒண்ணு, கருப்பன்னு ஒரு வயசான நாய் அங்கே இருந்துச்சு. தான் வெளியே வர்றதுக்கு முன்னாடி, அந்த நாயைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டு போகச் சொல்லியிருக்கார் ரமணர். திருடர்கள் அதை அடிச்சிடுவாங்களோன்னு கவலை. தன் உடம்பு மேல விழற அடியை ஏத்துக்கிட்டார். நாய் மேல விழப்போற அடியை 'பரவாயில்லை'ன்னு விட்டுடலை.

ரெண்டாவது, ஒரு பக்தர் உதவி கேட்டு ஊருக்குள்ள ஓடினார். போலீஸ் வந்துச்சு. சில நாள்ல திருடர்கள் பிடிபட்டாங்க, தண்டனையும் கிடைச்சுது. அதாவது, கம்பியைக் கீழே போடச் சொன்ன அதே ராத்திரியில, அரசாங்கத்தோட லத்தியும் அந்தக் கதைக்குள்ள இருக்கு.

எனக்குப் புரியறது இதுதான். என் உடம்பு மேல விழற அடியைத் திருப்பித் தரமாட்டேன்னு நான் முடிவெடுக்கலாம். அது என் உரிமை, பெரிய மனசும்கூட. ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க மேல விழற அடிக்கு, அவங்க சார்பா நான் அகிம்சை காட்ட முடியுமா? அவங்க முதுகை வெச்சு நான் மகான் ஆகறதுல என்ன நியாயம்?

அதனால தம்பியோட கேள்விக்கு முதல் பாதிப் பதில்: பலத்தை எந்த நாளும் பயன்படுத்தவே கூடாதுன்னு என்னால சொல்ல முடியலை.

உள்ளூர் போலீஸும் உலக போலீஸும்

இதே திருவண்ணாமலை மாவட்டத்துல, தண்டராம்பட்டு தாலுகாவுல தென்முடியனூர்னு ஒரு கிராமம். அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள்ள தலித் மக்களைப் பல தலைமுறையா விடலை. 2023 ஜனவரி 30-ஆம் தேதி அவங்க முதன்முதலா உள்ளே போய் சாமி கும்பிட்டாங்க. எப்படிப் போனாங்க? நூத்துக்கணக்கான போலீஸ் காவலோட. மாவட்ட நிர்வாகம் கூட நின்னுச்சு. எதிர்ப்பு இருந்துச்சு. லத்தி யாரையும் அடிக்கலை, ஆனா லத்தி அங்கே இருந்துச்சு. அது இல்லாம அந்தக் கதவு அன்னைக்குத் திறந்திருக்காது.

இதைத் தப்புன்னு நம்மள்ல யாரும் சொல்லமாட்டோம்னு நினைக்கிறேன். ஏன்? அந்த மக்களே கேட்டாங்க. சட்டம் அவங்க பக்கம் இருக்கு. முக்கியமா, அந்தப் போலீஸ் எல்லை மீறினா அவங்க மேல புகார் கொடுக்க இடம் இருக்கு. கோர்ட் இருக்கு, பத்திரிகை இருக்கு, அடுத்த எலெக்‌ஷன் இருக்கு. இது எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு கேட்டா, இல்லை. நமக்கு சாத்தான்குளம் தெரியும். 2020 ஜூன்ல அப்பாவும் மகனும் காவல்ல இறந்தாங்க. ஆனா அதுல ஹைகோர்ட் மதுரைக் கிளை தானா முன்வந்து விசாரிச்சுது, சிபிஐ கொலை வழக்கு போட்டுச்சு. நொண்டி நடந்தாலும் ஒரு பாதை இருக்கு.

நாடுகளுக்கு நடுவுல அந்தப் பாதை கிடையாது. ஐ.நா. சாசனம் ஒரு நாடு இன்னொரு நாட்டு மேல பலத்தைப் பயன்படுத்தக் கூடாதுங்குது. விதிவிலக்கு ரெண்டுதான்: தற்காப்பு, இல்லைன்னா பாதுகாப்பு சபையோட அனுமதி. அந்த சபையில அஞ்சு பேருக்கு வீட்டோ. அவங்கள்ல ஒருத்தரோ அவங்க சிநேகிதரோ கொன்னுட்டிருந்தா அனுமதி வராது. அனுமதி இல்லாம இறங்கறவங்களைக் கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. போலீஸ் ஸ்டேஷனே இல்லாத ஊர்ல, பலசாலி ஒருத்தர் "நான் காப்பாத்தறேன்"னு கிளம்பற நிலைமைதான் இது.

1971: நல்லபடியா முடிஞ்ச கதை?

இந்தப் பேச்சு வந்தா முதல்ல சொல்ற உதாரணம் வங்கதேசம். 1971 மார்ச்ல பாகிஸ்தான் ராணுவம் கிழக்குப் பாகிஸ்தான்ல தன் மக்களையே கொல்ல ஆரம்பிச்சுது. கிட்டத்தட்ட 1 கோடி பேர் அகதிகளா இந்தியாவுக்குள்ள வந்தாங்க. டிசம்பர் 3-ல போர், 16-ல சரணடைவு. 13 நாள்.

அன்னைக்கு உலகம் இந்தியாவைப் பாராட்டலை. ஐ.நா. பொதுச்சபையில 104 நாடுகள் போரை நிறுத்துன்னு ஓட்டு போட்டுச்சு, எதிர்த்தது 11 மட்டும்தான். ஆனா அம்பது வருஷம் கழிச்சு யோசிச்சா, அந்தத் தலையீடு நடந்திருக்கக் கூடாதுன்னு சொல்றவங்க ரொம்பக் குறைவு.

இந்தியாவுக்கு சுயநலமே இல்லையா? இருந்துச்சு. பாகிஸ்தானை உடைக்கிற வாய்ப்பை எந்த டெல்லி அரசாங்கமும் வேண்டாம்னு சொல்லியிருக்காது. அப்புறம் எப்படி அது ஓரளவு சரியா வந்துச்சு? ரெண்டு காரணம்னு நினைக்கிறேன். காப்பாத்தப்பட வேண்டிய மக்களுக்குச் சொந்தக் குரல் இருந்துச்சு. 1970 தேர்தல்ல ஜெயிச்ச கட்சி, 1971 ஏப்ரல்லயே ஒரு தற்காலிக அரசை அமைச்சிருந்துச்சு. ரெண்டாவது, இந்தியப் படை 1972 மார்ச்ல கிளம்பிடுச்சு. அப்பவும் எல்லாம் சுபம்னு சொல்ல முடியாது. உருது பேசற பிஹாரி மக்கள் மேல பழிவாங்கல் நடந்துச்சு. அவங்களைக் காப்பாத்த யாரும் படை அனுப்பலை.

1987: மாலை போட்டு வரவேற்றவங்க

இப்போ நமக்கு ரொம்பப் பக்கத்துல வர்றேன். இதைப் பேசறது கொஞ்சம் வலிக்கும், ஏன்னா ரெண்டு பக்கமும் நம்ம ஆட்கள்.

1987 மே மாசக் கடைசியில இலங்கை ராணுவம் வடமராட்சியில பெரிய தாக்குதலைத் தொடங்குச்சு. யாழ்ப்பாணத்துக்கு ஏற்கனவே பொருளாதாரத் தடை. ஜூன் 3-ல ராமேஸ்வரத்துல இருந்து நிவாரணப் பொருள் ஏத்தின 19 படகுகள் போச்சு. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிடுச்சு. மறுநாள், ஜூன் 4, இந்திய விமானப்படையோட அஞ்சு சரக்கு விமானம் மிராஜ் போர் விமானங்களோட துணையில யாழ்ப்பாணத்து மேல பறந்து உணவையும் மருந்தையும் போட்டுச்சு. 'பூமாலை நடவடிக்கை'. சட்டப்படி பார்த்தா இன்னொரு நாட்டு வான்வெளியை மீறினது. ஆனா அன்னைக்குத் தமிழ்நாட்டுல எத்தனை வீட்டுல கண்ணுல தண்ணி வந்திருக்கும்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க.

ஜூலை 29-ல ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க. இந்திய அமைதிப்படை இறங்குச்சு. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றாங்க. இதை மறக்கக் கூடாது. காப்பாத்த வந்துட்டாங்கன்னு உண்மையாவே நம்பினாங்க.

அந்த ஒப்பந்தத்தை இன்னொரு தடவை பாருங்க. கையெழுத்து ரெண்டு அரசாங்கத்தோடது. யாருக்காக அது போடப்பட்டதோ, அந்த மக்கள் சார்பா ஒரு கையெழுத்தும் அதுல இல்லை. புலிகளை ஒத்துக்க வைக்க நெருக்கடி கொடுத்தாங்க. அவங்களும் மனசார ஒத்துக்கலை. செப்டம்பர்ல திலீபன், தண்ணிகூடக் குடிக்காம உண்ணாவிரதம் இருந்து 26-ஆம் தேதி இறந்தார். அந்தக் கோரிக்கைகளை இந்தியாவைப் பார்த்துத்தான் வெச்சார். அக்டோபர் 10-ல புலிகளுக்கும் அமைதிப்படைக்கும் போர் மூண்டுச்சு.

அக்டோபர் 21, தீபாவளி அன்னைக்கு, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள இந்தியப் படை நுழைஞ்சுது. அன்னைக்கும் மறுநாளும் நோயாளிகள், நர்ஸ்கள், டாக்டர்கள்னு அறுபதுக்கும் மேல செத்தாங்க. உள்ளே இருந்து புலிகள் சுட்டாங்கன்னு இந்தியத் தரப்பு சொன்னது. படை உள்ளே வந்தப்போ எதிர்த்துச் சுட யாருமே இல்லைன்னு உயிர் பிழைச்ச ஊழியர்கள் சொன்னாங்க. மறுநாள் காலையில, கையைத் தூக்கிக்கிட்டு, நாங்க டாக்டர்கள்னு சொல்லிட்டே வந்த குழந்தைகள் டாக்டர் ஒருத்தரும் சுடப்பட்டார்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கு. அந்த நர்ஸோட குடும்பம் எங்கே போய்ப் புகார் கொடுக்கும்? இலங்கைக் கோர்ட்லயா? ஒப்பந்தம் போட்டு வரவழைச்சதே அந்த அரசாங்கம்தான். டெல்லியிலயா? அவங்களுக்கு டெல்லியில ஓட்டு இல்லை. ஐ.நா.விலயா? அது ரெண்டு நாட்டு ஒப்பந்தம்னு ஒதுங்கிடுச்சு. காப்பாத்த வந்தவங்க அடிச்சா அழறதுக்குக்கூட ஒரு ஆபீஸ் இல்லை. இன்னைக்கு வரைக்கும் அந்த ஆஸ்பத்திரிச் சாவுகளுக்கு யாரும் பொறுப்பேற்று தண்டனை வாங்கலை.

இந்தக் கணக்கை நேர்மையா எழுதினவங்க யாழ்ப்பாணத்துல இருந்தாங்க. பல்கலைக்கழக மருத்துவப் பீடத்துல உடற்கூறியல் சொல்லிக் கொடுத்த ராஜினி திராணகம, சக ஆசிரியர்கள் மூணு பேரோட சேர்ந்து 'முறிந்த பனை'ங்கிற புத்தகத்தை எழுதினாங்க. இலங்கை ராணுவம், இந்தியப் படை, புலிகள், மத்த இயக்கங்கள் எல்லாரையும் ஒரே அளவுகோல்ல கேள்வி கேட்ட புத்தகம். 1989 செப்டம்பர் 21-ல சைக்கிள்ல வீட்டுக்குப் போறப்போ அவங்களைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. கேள்வி கேட்கிற ஆளைத்தான் எந்தத் துப்பாக்கிக்கும் பிடிக்கிறதில்லை.

1990 மார்ச் 24-ல கடைசிப் படைப்பிரிவு கிளம்புச்சு. சுமார் 1,200 இந்திய வீரர்கள் செத்திருந்தாங்க. எங்கோ ஒரு கிராமத்துல இருந்து, எதுக்குன்னு தெரியாமலே போய் செத்த பசங்க. சென்னைத் துறைமுகத்துல வந்து இறங்கினவங்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகலை. தமிழர்களைக் கொன்ன படையை எப்படி வரவேற்கிறதுன்னு கேட்டார். மூணு வருஷத்துல மாலை அந்த இடத்துக்கு வந்து நின்னுச்சு.

2009: யாருமே வரலை

சரி, அப்போ தலையிடவே கூடாதா? உடனே 2009 முன்னாடி வந்து நிக்குது.

'பாதுகாப்பு வலயம்'னு அரசாங்கமே அறிவிச்சு மக்களை அங்கே போகச் சொல்லுச்சு. அடுத்தடுத்து மூணு வலயம். மூணு மேலயும் ஷெல் விழுந்ததுக்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருக்குன்னு ஐ.நா. நிபுணர் குழு 2011-ல சொல்லுச்சு. தப்பிச்சு ஓடின மக்களைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை சொல்லுது. சாவு 40,000 வரைக்கும் இருக்கலாம்ங்குது. ஜனவரி 29-ல முத்துக்குமார் சென்னையில தீக்குளிச்சார். இங்கே தெருவுல ஜனங்க கத்தினாங்க. பாதுகாப்பு சபை இதை அதிகாரபூர்வ நிகழ்ச்சிநிரல்ல சேர்க்கக்கூட இல்லை. மே 27-ல, எல்லாம் முடிஞ்ச ஒன்பதாவது நாள், மனித உரிமைகள் பேரவை இலங்கைக்குச் சாதகமாத் தீர்மானம் போட்டுச்சு. இந்தியாவும் ஆதரிச்சு ஓட்டு போட்டுச்சு.

இவ்வளவுக்கும் 2005-லயே உலகத் தலைவர்கள் எல்லாரும் 'பாதுகாக்கும் பொறுப்பு'ங்கிற கொள்கையை ஒத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு அரசு தன் மக்களை இனப்படுகொலையில இருந்து காப்பாத்தத் தவறினா உலகம் பொறுப்பேத்துக்கும்னு. முள்ளிவாய்க்காலுக்கு அந்தப் பொறுப்பு வரலை. 2011-ல லிபியாவுக்கு வந்துச்சு. மக்களைக் காக்கன்னு அனுமதி வாங்கி, ஆட்சியையே கவிழ்த்துட்டுக் கிளம்பினாங்க. அந்த நாடு ரெண்டாப் பிளந்து கிடந்துச்சு. வராததும் தப்பு, வந்த விதமும் தப்பு.

1994 ருவாண்டாவையும் சொல்லணும். கிகாலியில ஒரு பள்ளிக்கூடத்துல ரெண்டாயிரம் பேர் அளவுல ஐ.நா. வீரர்கள்கிட்ட அடைக்கலமா இருந்தாங்க. ஏப்ரல் 11-ல அந்த பெல்ஜிய வீரர்களுக்குக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துச்சு. ஜனங்க வண்டிக்கு முன்னாடி விழுந்து கெஞ்சினாங்க. வண்டி போச்சு. கொஞ்ச நேரத்துல அந்த மக்கள்ல பெரும்பாலானவங்களைக் கொன்னுட்டாங்க. அன்னைக்கு அங்கே துப்பாக்கி நின்னிருக்கணும். அதுல எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

அப்போ தம்பிக்கு என்ன பதில்?

பலம் சில நேரம் கடமைன்னு நம்பறேன். ஆனா காரணம் நல்லதுங்கிறது மட்டும் போதாது. ஒவ்வொரு தடவையும் மூணு கேள்வி கேட்கணும்.

முதல் கேள்வி, யார் கூப்பிட்டாங்க? அந்த மக்களா, இல்லை அவங்க பேர்ல பேசற ஒரு அரசாங்கமோ ஒரு இயக்கமோவா? ருவாண்டா பள்ளிக்கூடத்துல மக்களே கெஞ்சினாங்க. 1987 ஒப்பந்தத்துல அவங்களை யாரும் கேட்கலை.

ரெண்டாவது, மறுநாள் காலையில அங்கே யார் இருப்பாங்க? தென்முடியனூர்லயும் இதே கேள்விதான். போலீஸ் வேன் கிளம்பின அப்புறமும் அந்தப் பொண்ணு தைரியமா கோயிலுக்குப் போக முடியுமா?

மூணாவதுதான் எனக்குப் பெரிய கேள்வி. காப்பாத்த வர்றவர் என்னை அடிச்சா, நான் எங்கே போய்ச் சொல்லட்டும்? இதுக்கு முன்கூட்டியே பதில் வெச்சுட்டு வர்ற படையை நம்பலாம். "எங்க நோக்கம் சுத்தமானது"ன்னு மட்டும் சொல்ற படையைப் பார்த்து நான் பயப்படுவேன், அது என் நாட்டுப் படையா இருந்தாலும்.

ஆபத்து தலைக்கு மேல இருக்கிறப்போ இவ்வளவு கேள்வி கேட்டுட்டிருக்க முடியுமான்னு கேட்பீங்க. நியாயம். அதனாலதான் சும்மா இருக்கிறதுக்கும் படை அனுப்பறதுக்கும் நடுவுல இருக்கிற வேலைகளை மறக்கக் கூடாது. கொல்ற கைக்கு ஆயுதம் கொடுக்காம இருக்கலாம். சாட்சி சொல்றவங்களைக் காப்பாத்தலாம். 2009-ல புதுமாத்தளன் கரையில இருந்து காயம்பட்ட ஆயிரக்கணக்கானவங்களைச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பல்ல ஏத்திட்டுப் போச்சு. ஒரு துப்பாக்கியும் இல்லாம. இன்னும் பத்துக் கப்பல் விட வைக்கிற பலம் டெல்லிக்கு இருந்துச்சு.

கடைசியா ஒண்ணு. தமிழ்நாட்டுல நூறுக்கும் மேல முகாம்கள்ல ஈழத்தமிழர்கள் இருக்காங்க. இந்த மாவட்டத்துலயும் இருக்காங்க. 2021-ல 'அகதிகள் முகாம்'ங்கிற பேரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்தினாங்க. பேர் மாறுச்சு. அங்கேயே பிறந்து வளர்ந்த, உங்க வயசுப் பசங்களுக்கு இன்னும் குடியுரிமை இல்லை. அடுத்த நாட்டுக்குப் படை அனுப்பலாமான்னு பேசற நாம, அங்கே இருந்து தப்பிச்சு நம்ம வாசலுக்கு வந்தவங்களுக்கு நாப்பது வருஷமா என்ன பண்ணியிருக்கோம்? இதுக்கு ராணுவம் வேண்டாம், வீட்டோவும் தடுக்காது.

தம்பி, உங்க கேள்விக்குப் பதில் 'சில நேரம், ஆமா'. ஆனா அந்த ஆமாவைச் சொல்ற உரிமை முதல்ல அடி வாங்கறவங்களுக்கு. அவங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க. போன அப்புறமும் அவங்க கேள்விக்கு நின்னு பதில் சொல்லுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம். இந்த எபிசோடுல உடன்படாத இடம் இருந்தா எழுதுங்க, வாசிக்கிறேன்.